சுரைக்காய் மாமாவின் இரண்டு பற்கள்

ஆர்பின் ஸ்டிட்ஹாம் வீடு எது என்று கேட்டால் அந்த ஓடைப் பக்கம் பாதிப் பேர் யோசிப்பார்கள். சுரைக்காய் மாமா வீடு என்று கேட்டால் வண்டியில் ஏறிக் கூடவே வந்து காட்டுவார்கள். கடைக்காரப் பெண் அப்படித்தான் கூப்பிட்டாள். தபால்காரரும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார் ஜெபத்தின் நடுவில் வாய் தவறி, "ஆண்டவரே, சுரைக்காய் மாமாவின் முழங்காலையும் தொட்டருளும்" என்று வேண்டிக்கொண்டார். சபை மொத்தமும் கண்ணை மூடியபடியே சிரித்தது. ஆர்பினும் சிரித்தார், கையால் வாயை மூடிக்கொண்டு.

அவர் சிரிப்பை அவர் மகள் ஜெனீவா அந்தக் கைக்குப் பின்னால்தான் பார்த்து வளர்ந்தாள். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை. மேடையில் அந்தப் பொக்கையைக் காட்டித்தான் அவர் ஊரைச் சிரிக்கவைத்தார். மேடையை விட்டு இறங்கியதும் கை வாய்க்குப் போய்விடும். ஆப்பிளைக் கடித்துத் தின்று அவள் பார்த்ததில்லை. கத்தியால் சீவிச் சீவித் தின்பார்.

கிழக்குக் கென்டக்கி மலைகளில் ஸ்டிட்ஹாம் குடும்பம் மூன்று தலைமுறையாக வாசிக்கிற குடும்பம். ஃபிடில், பேஞ்சோ, மேண்டலின், கிடார், ஆள் உயரத்துக்கு நிற்கிற தந்திக் கருவியான பாஸ். இவற்றில் எதை யார் எடுப்பது என்று பெரிய விதி ஒன்றும் கிடையாது. பாஸுக்கு மட்டும் உண்டு. பாஸைப் பிடிக்கிறவன்தான் கோமாளி. முதலில் அது சித்தப்பா ஃபாரிஸ். நிலக்கரிச் சுரங்கம் அவர் நுரையீரலை வாங்கிக்கொண்டதும் பாஸ் சுவரில் சாய்ந்து கிடந்தது. அண்ணன் எஸ்டில் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதாண்டா நெட்டை. இது உனக்கு."

பாஸோடு தோள்பட்டி வைத்த தொளதொளத்த கால்சட்டையும், ஓரம் கடிபட்ட தொப்பியும், இடுப்பில் கட்டும் காய்ந்த சுரைக்குடுக்கையும் வந்தன. தொப்பியின் உள்பட்டையில் ஃபாரிஸின் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது. ஆர்பினுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. அவருக்குப் பாட வரும். அண்ணனைவிடக் கீழே போகிற, அடியில் மண் இருக்கிற குரல். அதை யாரும் கேட்கவில்லை. எஸ்டிலின் குரல் மேலே பறக்கிற குரல். அவர்கள் வாசித்த இசைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் பல் இருந்தது. நிகழ்ச்சிக்கு முன்பு முன்பற்களைத் துடைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டிக்கொள்வார். மூன்றாவது பாட்டில் எச்சில் பட்டுக் கழன்றுவிடும். கழன்று விழுவதையே ஒரு வேடிக்கையாக்கினார். அப்புறம் ஒரு நாள் மலைவளைவில் வேன் சடக்கென்று நின்றது. பின்னால் படுத்திருந்த பாஸின் தலை பாய்ந்து வந்து அவர் வாயில் இடித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது எஸ்டில் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். வாயைப் பார்த்தார். பதற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறியது.

"இனிமே டேப்பே வேணாம்டா."

பல் கட்டிக்கொள்ளலாம் என்று ஆர்பின் ஒன்றிரண்டு தடவை பேச்செடுத்தார். "சீசன் முடியட்டுமே" என்பார் எஸ்டில். ஏப்ரலில் திருவிழாக்கள், இலையுதிரும் வரை. பிறகு தேவாலய விருந்துகள், பள்ளிக்கூட மண்டபங்கள், குளிர்காலத்தில் வானொலி. சீசன் முடியவே இல்லை. வெர்னாவைக் கல்யாணம் செய்தபோதும் முடியவில்லை. கல்யாணப் படத்தில் உதட்டை இறுக மூடி நிற்கிறார். பார்ப்பவர்களுக்குக் கோபக்கார மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

ஜெனீவா படித்து லெக்சிங்டனில் பல் செய்கிற கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். யார் யாருக்கோ பல் செய்தாள். அப்பா கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பெரியப்பா என்ன சொல்வார் என்று இருவருக்கும் தெரியும்.

வெர்னா ஒரு பிப்ரவரியில் இறந்தாள். சிறுநீரகம். அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஆர்பின் மகளுக்கு போன் செய்தார்.

"பாப்பா, பல்லு செய்யணும்."

"யாருக்குப்பா?"

"எனக்குத்தான். வேற யாருக்கு, குதிரைக்கா?"

அவள் அந்த வார இறுதியே வந்தாள். அச்சு எடுக்கும் மாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குழைத்தாள். பல்லின் நிறத்தைப் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு முடிவு செய்தாள். பளீர் வெள்ளை இல்லை. காப்பி குடித்த, வயதான மஞ்சள். ஒன்றில் மயிரிழையாக ஒரு கோடும் வைத்தாள், அவருடைய பல்லாகவே இருக்கட்டும் என்று. அண்ணத்தை மூடும் தகடு வைக்கவில்லை. பாடுகிறவருக்கு நாக்கு அண்ணத்தைத் தொட வேண்டும். பக்கத்துப் பற்களில் சிறு கம்பிக் கொக்கிகள் மட்டும்.

இரண்டாவது முறை வந்தபோது பொருத்தினாள். ஆர்பின் நாக்கால் துழாவிப் பார்த்தார். கை வாய்க்குப் போனது. பாதி வழியில் நின்றது. கீழே இறங்கியது.

"ஏதாச்சும் பேசிப் பாருங்கப்பா. காத்து போச்சுன்னா சீட்டியடிக்கும். தேச்சு சரி பண்ணணும்."

"பேசறதுக்கு என்ன இருக்கு. பாடிக் காட்டட்டா?"

பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்று பாடினார். கருவி எதுவும் இல்லை. பாட்டுக் கட்டும் பழக்கம் அவருக்கு இருந்ததே இல்லை. பாத்திரம் கழுவும்போது தானாக வந்தது என்றார்.

என் வீட்டுக்காரி வெளக்க அணைக்காமப் போயிட்டா,
அணைக்க எனக்குக் கையி வரல.
பகல்ல எரியுது, மழையில எரியுது,
பாத்து வரட்டும்னு விட்டுட்டேன்.

அதற்கு மேலும் இரண்டு சரணம் இருந்தது. ஜெனீவா கையில் தேய்க்கும் கருவியோடு நின்றுகொண்டிருந்தாள். முன்வாசல் விளக்கு அவள் வந்தபோது எரிந்துகொண்டிருந்தது. மத்தியானம் அது. மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தாள்.

"சீட்டியடிக்கலப்பா" என்றாள்.

"பாட்டு எப்படி?"

"நல்லா உக்காந்திருக்கு."

"பல்லக் கேக்கல."

"ரெண்டுந்தாம்பா."

ஆர்பின் தலையாட்டிக்கொண்டார். "ஊர்கூடல்ல பாடப் போறேன். ஒரு தடவ. நல்ல கோட்டு போட்டுக்கிட்டு, நேரா நின்னு. அவ பேர்ல நான் எத்தன வருசமா ஜோக்கு சொல்லியிருக்கேன். ஒரு தடவயாச்சும் நிசமா ஒண்ணு சொல்லிர்றேன்."

அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் அவர் கேட்டு ஜெனீவா அறியவில்லை.

மேடையில் அவர் சொல்லும் வேடிக்கையெல்லாம் 'எங்க வீட்டுக்காரி' என்றுதான் தொடங்கும். எங்க வீட்டுக்காரி சுட்ட பிஸ்கட்டை எறிந்து கரடியைக் கொன்றேன். எங்க வீட்டுக்காரி குறட்டையில் ரயில் தடம் மாறிப் போய்விட்டது. வெர்னா மேடையோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். முதல் இரண்டுக்குச் சிரிப்பாள், மூன்றாவதற்குக் காப்பி எடுக்கப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டில் வீட்டுச் சாப்பாட்டில் ஆர்பின் பேச்சை எடுத்தார். பீன்ஸும் சோளரொட்டியும் மேசையில் இருந்தன. எஸ்டிலின் மகன், பேஞ்சோ வாசிக்கிற டென்சில், எதிரில் இருந்தான்.

"அண்ணே, ஊர்கூடல்ல நான் ஒரு பாட்டு பாடுறேன்."

"பாடேன். கோழிப் பாட்டா, பன்னிப் பாட்டா?"

"வெர்னாவுக்கு ஒண்ணு கட்டியிருக்கேன்."

எஸ்டில் கரண்டியைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். வெர்னாவின் சவப்பெட்டியைத் தோளில் தாங்கியவர்களில் முதல் ஆள்.

"நீ அழுதுட்டேன்னு வெச்சிக்க, அப்புறம் ஜனங்கள யாருடா சிரிக்க வைக்கிறது?"

"அழ மாட்டேன்."

"அவங்க அழுதுட்டா?"

"அழட்டுமே அண்ணே. ஒரு பாட்டு நேரந்தானே."

"பல்லோட பாத்தா நீங்க அப்படியே எங்க தாத்தாதான் சித்தப்பா" என்றான் டென்சில், வாயில் ரொட்டியோடு.

எஸ்டில் தம்பியின் வாயைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஒரே பாட்டு. பின்பாதியில வெக்கிறேன். முடிஞ்சதும் தொப்பிய மாட்டிக்கணும், ஆமா."

ஊர்கூடல் ஜூன் கடைசிச் சனிக்கிழமை, மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தின் மைதானத்தில். வெளியூர் போனவர்களெல்லாம் ஓஹையோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் அந்த ஒரு நாளுக்கு வந்துவிடுவார்கள். ஜெனீவா வெர்னாவின் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து அதே இடத்தில் விரித்தாள். அதில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றாள்.

ஸ்டிட்ஹாம் குடும்பத்துக்கு ஒரே மைக்தான். எல்லாரும் அதைச் சுற்றித்தான் நிற்பார்கள். யார் எவ்வளவு நெருங்குகிறார்களோ அவ்வளவு சத்தம். பாடுகிறவர் ஒரு சாண் தூரத்தில். பேஞ்சோவின் முறை வரும்போது டென்சில் உள்ளே நுழைவான், மற்றவர்கள் விலகுவார்கள், மோதிக்கொள்ளாமல். பாஸ் மட்டும் கடைசியில், ஒதுங்கி, அதே இடத்தில். பாஸ்காரர் மைக்கை நோக்கி நடந்தால் ஒன்றுதான் அர்த்தம்: வேடிக்கை வரப்போகிறது. ஆர்பின் ஓர் அடி எடுத்துவைத்தாலே முதல் வரிசை சிரிக்கத் தொடங்கிவிடும். அவர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் டென்சில் பேஞ்சோக் கம்பியை இழுத்து 'டொய்ங்' என்று ஓர் ஒலி கொடுப்பான்.

இதை யாரும் யோசிக்கவில்லை. எஸ்டில் யோசிக்கவில்லை, ஜெனீவா யோசிக்கவில்லை. ஆர்பினும்தான்.

அவர் முதல் பாதியைத் தொப்பியோடு வாசித்துவிட்டு மேடைக்குப் பின்னால் போனார். திரும்பியபோது கறுப்புக் கோட்டு, டை, சீவிய தலை. வெர்னாவின் அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டு. கூட்டத்தில் பாதிப் பேர் அன்று அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள்தான். பாஸைப் படுக்கவைத்துவிட்டு மைக்கை நோக்கி ஓர் அடி வைத்தார்.

டொய்ங்.

டென்சிலின் கை தானாகப் போய்விட்டது. அவன் முகம் வெளுத்ததை ஜெனீவா பார்த்தாள். கூட்டம் அதைப் பார்க்கவில்லை. சிரிப்பு எழுந்தது. ஆர்பின் நடந்தார். மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். வாயைத் திறந்தார்.

பல்.

மைதானம் அதிர்ந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். "யார் வீட்டுக் கழுதகிட்ட கடன் வாங்குனே மாமா!" என்று ஓஹையோக்காரர் ஒருவர் கத்தினார். "சுரக்காய்க்கு வெத மொளச்சிருச்சுடோய்!"

ஆர்பின் காத்திருந்தார். சிரிப்பு அடங்கும் வரை காத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலை. ஆனால் வாயைத் திறந்தபடி காத்திருப்பதே அவர்களுக்கு இன்னும் வேடிக்கையாக இருந்தது. கடைசியில் ஓரளவு அடங்கியது. பாடினார்.

"என் வீட்டுக்காரி…"

அந்த வார்த்தையைத்தான் அவர்கள் வருடமெல்லாம் கேட்கக் காத்திருந்தார்கள். அலையாக வந்தது. முதல் வரியின் மிச்சத்தை அவர் பாடிமுடித்தது ஜெனீவாவுக்கு உதட்டசைவில்தான் தெரிந்தது. எஸ்டில் மேண்டலினை மார்போடு அணைத்துக்கொண்டு, சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

ஆர்பின் மடக்கு நாற்காலியைப் பார்த்தார். வெறும் நாற்காலி. பிறகு கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, ஜெனீவா சொல்லிக்கொடுத்த மாதிரியே கொக்கியை நெம்பிப் பல்லைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றிக் கோட்டின் மார்புப் பையில் வைத்தார். பொக்கை வாயைக் கூட்டத்துக்கு அகலக் காட்டினார்.

"வெளக்க அணைக்காமப் போயிட்டாய்யா! வெளிச்சத்தப் பாத்துத் திரும்பி வந்துரப் போறா! யாராச்சும் ஓடிப் போயி அணச்சிட்டு வாங்களேன்!"

சிலர் புல்லில் உருண்டார்கள். எஸ்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்க ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஆர்பின் பின்னால் போய்ப் பாஸைத் தூக்கி நிறுத்தினார். தாளம் ஒரு மயிரிழைகூடத் தவறவில்லை.

முடிந்ததும் மைதானத்துக் குழாயடியில் பல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜெனீவா கையை நீட்டினாள்.

"குடுங்க. கொக்கி வளைஞ்சிருக்கும்."

"வளையல பாப்பா. நல்ல வேலப்பாடு."

"ஏம்பா நிறுத்தினீங்க? ரெண்டாவது வரிக்கு வந்திருந்தா அடங்கியிருப்பாங்க."

"அடங்கியிருக்க மாட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நாந்தானே பழக்கினேன்." கைக்குட்டையை உதறினார். "ஒரு வரிதான் போச்சு. அத அவங்க எடுத்துக்கட்டும். மிச்சத்த அவங்க சிரிப்புல போட மாட்டேன். அது எங்கிட்ட இருக்கு."

எஸ்டில் வந்தார். முகம் சிவந்து, வியர்த்து, மலர்ந்து இருந்தது. தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"டேய், இத்தன வருசத்துல இப்படி ஒரு சிரிப்ப நான் கேட்டதில்லடா. பல்லு, கோட்டு, அப்புறம் அந்தக் கழட்டுற எடம்! இத வெச்சிக்கலாம்."

ஜெனீவா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நிஜமான சந்தோஷம் அது. தம்பி துக்கத்திலிருந்து மீண்டுவிட்டான் என்கிற சந்தோஷமும் அதில் இருந்தது. அதனால்தான் அதற்கு எதிராக எதுவும் பேச முடியவில்லை.

வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஊரில் சுவரொட்டியிலேயே போட்டார்கள்: 'கோட்டு சூட்டில் சுரைக்காய் மாமா!' ஆர்பின் சாகும்வரை வாசித்த மேடைகளிலெல்லாம் பின்பாதியில் கோட்டுப் போட்டு வந்தார். ஓர் அடி, டொய்ங். பல். என் வீட்டுக்காரி. கட்டைவிரல். கைக்குட்டை. டென்சில் இப்போது முகம் வெளுக்காமல் வாசித்தான். அடிக்கடி கழற்றி மாட்டியதில் கொக்கி தளர்ந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஜெனீவா அதை இறுக்கிக் கொடுத்தாள். இறுக்கும்போது எதுவும் கேட்கவில்லை. அவரும் பாடவில்லை. பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பார். அவள் சமையலறைக்குள் வந்தால் தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிடுவார்.

வீட்டில் அவர் பல்லைப் போடவில்லை. போட்டால் மேடையில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

ஒரு ஆகஸ்ட் காலையில் தோட்டத்தில், அவரைக் கொடிக் கம்புகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தார். இதயம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தபோது வாளியில் பாதி அவரைக்காய் இருந்தது.

சவ அடக்க வேலைகளைப் பார்க்கிற ஹோபர்ட் ஜெனீவாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"பல்லோடவா, இல்லாமலாம்மா? இல்லாம இருந்தா… ஜனங்களுக்குத் தெரிஞ்ச முகம்."

"பல்லோட. கோட்டு போட்டு."

அவளே மாட்டினாள். மேலுதடு நிரம்பி, மூடி, நேராக இருந்தது. கல்யாணப் படத்தில் இருந்த கோபம் இல்லை. அப்பா இப்படி இருப்பார் என்று அவள் வேலைக் கூடத்தில் பல முறை மெழுகில் செதுக்கிப் பார்த்த முகம் அதுதான். இந்த ஒரு தடவையாவது அவர் அவராகப் போகட்டும்.

மறுநாள் பார்வைக்கு வைத்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முதலில் வந்த பெண்மணி பெட்டிக்குள் பார்த்தாள். கண்ணீர் வந்தது. கூடவே உதடு விரிந்தது. பின்னால் நின்ற தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாருடி, கடைசி வரைக்கும் அதே கோட்டு. இப்பக் கட்டவெரல வாய்க்குள்ள விடுவாரோன்னு இருக்கு."

இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். அன்பில்லாத சிரிப்பு என்று ஒருவருடையதைக்கூடச் சொல்ல முடியாது. ஜெனீவா பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். வேறு எந்தச் சட்டை போட்டிருந்தாலும், பல்லை எடுத்திருந்தாலும், இதேதான் என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டு முகத்தையும் அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவது முகம் ஒன்று அவரிடம் இல்லை.

வரிசை தீர்ந்தபிறகு எஸ்டில் வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. அவர் இப்போது பாடுவதில்லை. கையில் ஓரம் கடிபட்ட தொப்பி இருந்தது. பெட்டிக்குள் வைக்கத்தான் கொண்டுவந்திருந்தார். வைக்கவில்லை. நெடுநேரம் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"அம்மாடி."

"சொல்லுங்க பெரியப்பா."

"அந்த வெளக்குப் பாட்டு. முதல்ல, அது பாட்டுன்னுதானே கேட்டான் எங்கிட்ட? வெர்னாவுக்குக் கட்டினதுன்னு?"

"ஆமா."

"மிச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் மூச்சு வாங்கினார். குழாயில் காற்று சீறியது. "நான் கேக்கவே இல்ல. பின்னாடி நின்னவன் முன்னாடி வந்தான், ஜனம் சிரிச்சுது. நல்லதுன்னு நெனச்சேன்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லும்மா. சனிக்கெழம அவனுக்காக ஒரு கச்சேரி வெக்கிறோம். டென்சில் பாடட்டும். சரியாப் பாடட்டும். யாரும் சிரிக்க மாட்டாங்க. நான் முன்னாடி உக்காந்து பாத்துக்கறேன்."

யாரும் சிரிக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். அழுவார்கள். டென்சில் நன்றாகப் பாடுவான். இன்னொரு ஊரிலும் கேட்பார்கள். சுவரொட்டியில் போடுவார்கள். பின்பாதியில், ஒரே மைக்கில், ஒரு சாண் தூரத்தில்.

"சொல்ல மாட்டேன் பெரியப்பா."

எஸ்டில் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாதாடவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வரியை மெல்ல முனகினார். அவருக்குத் தெரிந்த ஒரே வரி. உடைந்த குரல். தம்பியின் சுருதிக்கு மேலே, எங்கோ. வரி முடிந்ததும் நிறுத்தி, அடுத்தது வருமா என்பதுபோலக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தடியை ஊன்றி நடந்தார்.

மலைமேட்டில், வெர்னாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மத்தியானம் ஜெனீவா வீட்டைப் பூட்ட வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், குழாய்களை மூடினாள், வாளியில் கிடந்த அவரைக்காயைக் கொட்டினாள். முன்வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் அது எரிவது கிட்டப் போனால்தான் தெரிந்தது.

கதவுக்குப் பின்னால் சுவிட்சைத் தேடினாள். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. யாரும் தெரியாமல் அணைத்துவிடாதபடி, மேலிருந்து கீழாக, இரண்டு துண்டு. வெகு நாளாக ஒட்டியிருக்க வேண்டும். ஒரு மூலை காய்ந்து கிளம்பியிருந்தது.

ஜெனீவா அந்த மூலையில் நகத்தை வைத்தாள். பிறகு கட்டைவிரலால் அழுத்தி அதைத் திரும்ப ஒட்டினாள். ஒட்டிவிட்டதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டினாள்.